வீட்டுக்கு ஓராள்

“பொலிசில ஆள் காணாதாம், பிள்ளை. இனி நாங்கள்தான் முழிச்சிருந்து காவல் காக்கோணும். வீட்டுக்கு ஒரு ஆம்பிளை, பொழுதுபட முதல் சந்திக்கு வரட்டும்.”

படலைக்கு வெளியே சைக்கிளில் நின்றபடி சொன்னார் விழிப்புக் குழுத் தலைவர் நடராசா.

தவமலர் வீட்டுப் பக்கம் திரும்பினாள். “இஞ்சாருங்கோ, கேட்டதோ?”

பிறகு குரலைத் தணித்தாள். “அவருக்குக் காய்ச்சல், அண்ணை. கட்டாரால வந்த நாள் தொட்டுச் சுகமில்லை.”

“அப்ப நீயாவது வா.”

அந்த வீட்டுத்திட்டத்தில் தண்ணீர் மோட்டார்கள் களவு போயின. போன கிழமை ஒருத்தியின் தாலிக்கொடியும் போனது. தவமலர் அலுப்போடு சந்திக்கு நடந்தாள்.

அங்கே நடராசாவைச் சுற்றிப் பெண்கள் மட்டுமே நின்றார்கள்.

“அவருக்கு நாரிப்பிடிப்பு.”

“எங்கட ஆளுக்கு வயித்தோட்டம்.”

“எல்லா ஆம்பிளையளுக்கும் ஒரே நாளிலயோ வருத்தம்?” என்றார் நடராசா. ஒருத்தியும் சிரிக்கவில்லை.

தவமலர் பக்கத்து வீட்டுப் பவளராணியின் காதருகே குனிந்தாள். “உண்மையைச் சொல்லடி. உன்ர மனிசன் வீட்டிலதானே நிக்கிறார்?”

“இல்லை அக்கா, அவர் கொழும்பில. கள்ளருக்குப் பயந்து, அவர் வந்து நிக்கிறார் எண்டு கதை விட்டனான். உங்கட அவர் பக்கத்தில நிக்கிற துணிவிலதான் நித்திரை கொள்ளுறன்.”

தவமலர் நிமிர்ந்தாள். கட்டாரில் இருக்கும் அவள் கணவனுக்கு இந்த வருடமும் லீவு கிடைக்கவில்லை. பவளராணியின் புருசனை நம்பித்தான் இவ்வளவு நாளும் அவள் கண்ணயர்ந்தாள்.

“ஓம், அவர் நிக்கிறார்தானே. நீ பயப்படாமல் படு,” என்றாள்.

இனி இரண்டு வீட்டுக்கும் அவள்தான் விழித்திருக்க வேண்டும்.