ஓட மறுத்த ஸ்கிரிப்ட்

"மறுபடியும் அனுமதி இல்லேங்குதுடா," என்றாள் அம்மா போனில். போட்டோக்களைக் கணினியில் சேமித்து வைக்க, வெளியூரில் வேலை பார்க்கும் மகன் எழுதிக்கொடுத்த ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல்தான் ஓட மறுத்தது.

"போன வாரம்தானே சரி பண்ணேன்! அனுமதிக்குக் கால் முளைச்சு ஓடிப்போச்சா?"

"எனக்கென்னடா தெரியும்? கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போட்டுக் குடுத்த மகராசன் நீ."

தன் அறையிலிருந்தே அவள் கணினிக்குள் நுழைந்து, ஸ்கிரிப்டை இயக்கும் அனுமதியை மீண்டும் கொடுத்தான். சந்தேகம் தீர, அதில் முன்பு தட்டப்பட்ட கட்டளைகளையும் அவற்றின் நேரத்தையும் புரட்டினான். ஒவ்வொரு வாரமும் அவன் போனை வைத்த கையோடு, அந்த அனுமதியைப் பறிக்கும் கட்டளை பிழையில்லாமல் தட்டப்பட்டிருந்தது. அந்த வீட்டில் அம்மாவைத் தவிர யாருமில்லை.

"சரியாயிடுச்சா? அப்ப வச்சிடுவியா?"



"இல்லம்மா, கோளாறு பெருசு. நேர்ல வந்துதான் பாக்கணும்."