இன்னொரு தடவை

தரையை விட்டு எழும்பிய ஒன்பதாவது நொடியில் பின்னால் தடதடவென்று ஏதோ உருளும் ஓசை கேட்டது. விமானத்தின் மூக்கு விறுவிறுவென வானத்தைப் பார்க்க நிமிர்ந்தது.

"தள்ளுங்க! கீழ தள்ளுங்க!" என்று பக்கத்து இருக்கைக்காரர் கத்தினார். ஸ்டெப்னி இரண்டு கையாலும் கைப்பிடியை முன்னால் தள்ளினார். மூக்கு இறங்கவில்லை. வேகம் செத்தது, இறக்கை நடுங்கியது, கண்ணாடி முழுக்கத் தரை வந்து அடைத்துக்கொண்டது.

திரை கறுத்தது. விளக்கு எரிந்தது.

"ஒண்ணு" என்று குறித்துக்கொண்டார் விசாரணை அதிகாரி.

அது சிமுலேட்டர். பயிற்சிக்கூடத்தில் இரும்புக் கால்களின் மேல் நின்று ஆடுகிற போலி விமானி அறை. நான்கு மாதத்துக்கு முன் இந்தக் கம்பெனியின் சரக்கு விமானம் ஒன்று விழுந்தது. கட்டியிருந்த பட்டை அறுந்து, இயந்திரப் பெட்டிகள் வால் பக்கம் நழுவிவிட்டன. அந்தக் கடைசி நிமிடத்தைத்தான் அப்படியே உள்ளே ஏற்றி வைத்திருந்தார்கள்.

அன்று கேப்டன் இறந்துபோனார். பேச்சைப் பதிவு செய்யும் கருவி கருகிப்போனது. ஓட்டியது கேப்டன்தான் என்று, உயிர் பிழைத்த துணை விமானி வாக்குமூலம் கொடுத்திருந்தார். அதை வைத்துக்கொண்டு 'கேப்டன் தடுமாறிவிட்டார்' என்று கம்பெனி ஒரே வரியில் முடித்துவிட்டது.

கேப்டனின் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவர் விடவில்லை. மனு மேல் மனு போட்டு இந்தச் சோதனையைக் கேட்டு வாங்கினார். இன்னொருத்தர் இதே நிலைமையில் ஓட்டிப் பார்க்கட்டும், அவரும் விழுந்தால் என் வீட்டுக்காரர் மேல் பழி போடாதீர்கள் என்பது அவர் வாதம். இப்போது பின் இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு அவரும் உட்கார்ந்திருந்தார்.

ஓட்ட வந்தவர் ரிலீஃப் பைலட். எந்த விமானிக்குக் காய்ச்சல் வந்தாலும், யார் வீட்டில் கல்யாணம், சாவு என்றாலும், அந்த இடத்துக்கு இவரைத்தான் அனுப்புவார்கள். இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர். அதனால்தான் ஆபீஸில் ஸ்டெப்னி என்று பெயர். "இன்னிக்கு எந்த ஊர்ல பஞ்சர்?" என்று அவர் மனைவியே கேட்பாளாம். இந்தச் சோதனைக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்பதில் கம்பெனிக்கும் அதிகாரிக்கும் சந்தேகமே இருக்கவில்லை.

காலையில் வந்ததும் அதிகாரி கேப்டனுக்குரிய இடது இருக்கையைக் காட்டினார்.

"வலது பக்கமே இருக்கட்டும் சார். கை பழகினது அங்கதான்" என்றார் ஸ்டெப்னி. இடது இருக்கையில் பயிற்சியாளர் உட்கார்ந்தார்.

இரண்டாவது தடவை விமானம் இன்னும் சீக்கிரம் விழுந்தது. மூன்றாவது தடவை வயலில். நான்கு, ஐந்து எல்லாம் ஓடுதளத்தின் முனையிலேயே. ஒவ்வொரு தடவை தரை வந்து மோதும்போதும் டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறக்கும்போது முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிச்சல் வந்தது.

ஆறும் விழுந்தது.

"போதும் சார்" என்றார் பயிற்சியாளர். "அந்தக் கடவுளே வந்தாலும் இதை இறக்க முடியாது. எழுதிக் கொடுத்துடலாம்."

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும் தம்பி. என் பொண்ணு இனிமே தலை நிமிர்ந்து வெளிய போவா."

ஸ்டெப்னி உள்ளங்கைகளைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு தடவை சார்."

"எதுக்குப்பா? அதான் முடிவு தெரிஞ்சுபோச்சே."

"ஒரே ஒரு தடவை."

மறுபடியும் ஓடுதளம். மறுபடியும் ஒன்பதாவது நொடியில் அந்தத் தடதடப்பு. மூக்கு நிமிர்ந்தது. "தள்ளுங்க!" என்றார் பயிற்சியாளர், பழக்க தோஷத்தில்.

ஸ்டெப்னி தள்ளவில்லை. கைப்பிடியை இடது பக்கம் திருப்பினார். இறக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டீச்சர் "ஐயோ" என்று அலறினார். சாயச் சாய, அடம்பிடித்து நின்ற மூக்கு மெல்லப் பக்கவாட்டில் சரிந்து கீழே வந்தது. வேகம் கூடியது. அவர் இறக்கையை நிமிர்த்தினார்.

ஊரை ஒரு பெரிய வட்டமடித்து, வால் தரையில் உரச, விமானம் இறங்கி ஓடி நின்றது.

யாரும் கை தட்டவில்லை. டீச்சர் முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"அப்போ இறக்கியிருக்கலாம்..." முன்னால் குனிந்து கேட்டார். "சாய்ச்சிருந்தாப் போதும், இல்லையா தம்பி? இருபத்தாறு வருஷம் ஓட்டின மனுஷன். அவருக்கு இது தெரியாமலா போச்சு?"

"தெரியும்க்கா." ஸ்டெப்னி திரும்பிப் பார்க்கவில்லை. "'சாய்டா, சாய்டா'ன்னு கடைசி வரைக்கும் கத்தினாரு."

எழுதிக்கொண்டிருந்த அதிகாரியின் பேனா நின்றது.

"வாக்குமூலத்துல நான் சொன்னது பொய் சார். அன்னிக்கு ஓட்டினது நான்."