முகத்தைக் காட்டினால் திறக்கும்

“ஐபோன்லேர்ந்து ஆண்ட்ராய்டுக்கு எல்லாமே வந்துடுமா தம்பி? ஒரு வீடியோகூட விட்டுப்போகக் கூடாது.”

கேட்ட பெண்ணின் கையில் இரண்டு போன்கள். ஒன்று அவளுடைய ஆண்ட்ராய்டு. இன்னொன்று, பேட்டரி உப்பித் திரை தூக்கிக்கொண்டிருந்த பழைய ஐபோன். இன்றோ நாளையோ என்றிருந்தது.

“வந்துடும்க்கா. திறந்து குடுங்க,” என்றான் கடைக்காரன்.

அவள் ஐபோனைப் பக்கத்தில் நின்றவரின் முகத்துக்கு நேராக நீட்டினாள். திறக்கவில்லை.

“கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருங்க,” என்றாள்.

அவர் கழற்றினார். திறந்துகொண்டது.

“பாத்தீங்களாண்ணே, வீட்டுக்காரம்மா சொன்னாத்தான் போனே கேக்குது!”

இருவருமே சிரிக்கவில்லை. வழியில் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

“ஆஃப் மட்டும் ஆயிடாமப் பாத்துக்குங்க தம்பி.”

“தினமும் இதே பொழப்புதான்க்கா. கவலையை விடுங்க.”

ஒரு வீடியோவைத் தட்டிப் பார்த்தான். அதே முகம், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு தப்பும் தவறுமாகப் பாடியது. குழந்தை கைகொட்டிச் சிரித்தது.

“செம்மயா பாடுறீங்கண்ணே!”

அவர் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வைஃபையில் இரண்டையும் இணைத்த சிறிது நேரத்தில் ஐபோன் திரை அப்படியே நின்றுவிட்டது. இன்னொரு வாடிக்கையாளர் அவசரப்படுத்தினார். கடைக்காரனின் விரல் பழக்கதோஷத்தில் வேலையைப் பார்த்துவிட்டது.

“மாட்டிக்கிச்சுண்ணே. ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருக்கேன். பூட்டைத் திறக்கிற ஆறு நம்பரைப் போடுங்க.”

“ஐயோ! ஆஃப் ஆகக் கூடாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!”

“ஒண்ணும் ஆகலக்கா. ஆன் பண்ணதும் முதல்ல முகத்தை ஏத்துக்காது, நம்பரைத்தான் கேக்கும்.”

“இதுவரைக்கும் என்ன வந்திருக்கு?” என்றாள் அவள்.

“போன் நம்பருங்க மட்டும்தான். வீடியோ இனிமேத்தான் வரும். சொல்லுங்கண்ணே, என்ன நம்பர்?”

“தெரியாது,” என்றார் அவர்.

“விளையாடாதீங்கண்ணே. சொந்த போனோட பூட்டு நம்பரை யாராவது மறப்பாங்களா?”

அவள் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். “உள்ளதைச் சொன்னா, மத்த கடைக்காரங்க மாதிரி நீங்களும் திருப்பி அனுப்பிடுவீங்கன்னு பயந்துட்டேன் தம்பி. இவர் என் கொழுந்தனார். அவரும் இவரும் ரெட்டைப் பிள்ளைங்க. நம்பர் தெரிஞ்ச என் வீட்டுக்காரர் போன மாசமே தவறிட்டார்.”