மனெகெ பா

"இன்னும் ரெண்டு தோசை வைக்கட்டுமா தம்பி?"

"போதும்மா, நான் வந்தது எதுக்குன்னா..." என்று கோட்டைச்சாமி தொடங்கினான்.

"மொதல்ல சாப்பிடு."

ரெட்டியபட்டிக்காரன், பட்டாளத்திலிருந்து வாரேன் என்று அவன் வாசலில் சொன்னதுமே, பட்டாளத்தில் இருக்கும் மகன் திம்மையாவின் கூட்டாளி என்று சௌடம்மாள் இலை போட்டுவிட்டாள். கையிலிருந்த துணிப்பையைக்கூட அவன் கீழே வைக்கவில்லை.

"கூரை இப்பவும் ஒழுகுதாம்மா?"

"அதையும் சொல்லிட்டானா?" சிரித்தாள். "நான் திட்டினேன்னு கோவிச்சுக்கிட்டுப் போனவன்யா. எழுதி எழுதிக் கை ஓஞ்சுபோச்சு, ரொம்ப நாளாப் பதிலே இல்ல. மனசே விட்டுப்போச்சு."

அந்த வீட்டில் பேச்சு கன்னடம், படித்த எழுத்து தமிழ். கன்னடத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிப் போடுவாள் சௌடம்மாள். எழுபத்தொன்றில் சண்டை வந்தபோது பட்டாளத்துக்குப் போகும் கடிதங்களைப் பிரித்துப் பார்த்தே அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்தவர்களில் தமிழருக்கு எழுத்து தெரிந்தது, பேச்சு புரியவில்லை. கன்னடக்காரருக்குப் பேச்சு புரியும், எழுத்து தெரியாது. ஏதோ உளவுச் செய்தி என்று அவள் கடிதங்களை அனுப்பாமல் கட்டிப் போட்டுவிட்டார்கள். பாவம், அவள் எழுதியதெல்லாம் ஒழுகும் கூரையும் குட்டி போட்ட ஆடும்தான். கடைசியில் எப்போதும் 'மனெகெ பா'. வீட்டுக்கு வா.

"அப்புறம் யாரோ ஒரு தமிழாளு சத்தம் போட்டு வாசிக்க, கன்னடத்துக்காரரு கேட்டு அர்த்தம் சொன்னாராம். அதுக்குப் பெறகுதான் எம்புள்ள கைக்குப் போச்சு. லீவுல வாரேன்னு எழுதியிருக்கான். அந்த ரெண்டு மகராசனும் நல்லா இருக்கணும்."

கோட்டைச்சாமி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான்.

அவன் கை கழுவியதும் முறுக்குப் பொட்டலத்தை நீட்டினாள். "இதத் திம்மையாகிட்டக் குடுத்துரு தம்பி."

"நான் அவரப் பாத்ததே இல்லம்மா. உங்க கடுதாசிய வாசிச்சவன் நாந்தான்."

சௌடம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிடப் போனவளை அவன் பதறிப்போய்த் தடுத்தான்.

"நீங்க கும்பிடக் கூடாதும்மா. நானும் ஆத்தாகிட்டக் கோவிச்சுக்கிட்டு ஓடினவன்தான். லீவு கெடச்சாலும் ஊருப்பக்கம் வந்ததில்ல. 'மனெகெ பா', 'மனெகெ பா'ன்னு வாசிச்சு வாசிச்சு, நேத்து வீட்டுக்குப் போயிட்டேன்."

துணிப்பையை அவள் கையில் கொடுத்தான்.

"எங்க காட்டுல வெளஞ்ச கம்பு, எங்காத்தா உங்களுக்குக் குடுத்துவிட்டது."