இடப்பக்கத்து நான்கு நட்டுகள்

"டீ ஆறி ஏடு கட்டுது. ரெண்டு பேரும் வெளிய வாங்க."

சேஸிக்கு அடியிலிருந்து இரண்டு ஜோடிக் கால்கள்தான் நீட்டிக்கொண்டிருந்தன. வலப்பக்கம் அண்ணன், இடப்பக்கம் தம்பி. மூன்று வருடமாக வீட்டுக் கொட்டகையில் நடக்கும் வேலை. பழைய காரின் மேற்கூடு தனியே கட்டைகள் மேல் கிடந்தது. துரு சுரண்டிக் கறுப்பு அடித்த சேஸிச் சட்டமும் எஞ்சினும் சக்கரங்களும்தான் இப்போதைக்குக் கார்.

"வரோம் அண்ணி. வெறும் கால்தானேன்னு பெருக்கித் தள்ளிடாதீங்க," என்றான் தம்பி.

"தள்ளினா கொட்டகையாவது சுத்தமாகும்."

அண்ணன் இடுப்பைப் பிடித்தபடி ஊர்ந்து வந்தான். "இன்னிக்கு இதை ஓட்டிக் காட்டி உன் வாயை அடைக்கிறேன் பாரு."

டீ குடித்து முடிப்பதற்குள் தம்பிக்கு அச்சகத்திலிருந்து போன். மெஷின் நின்றுவிட்டதாம். டம்ளரை வைத்துவிட்டு அப்படியே கிளம்பினான். அண்ணன் உள்ளே போய் அம்மாவுக்குக் கண் மருந்து விட்டு வந்தான். பிறகு டார்ச் அடித்து இடப்பக்கம் பார்த்தான். முன் அச்சை ஸ்பிரிங் பட்டையோடு பிடித்திருக்கும் நான்கு நட்டுகளிலும் மஞ்சள் பெயிண்ட் தெரிந்தது. முதலில் கையால் நட்டை ஏற்றுவார்கள். ஸ்பேனரால் இறுக்கிய பிறகுதான் மஞ்சள் வைப்பார்கள். மஞ்சள் இருந்தால் அண்ணனும் தம்பியும் அதில் மறுபடி கை வைப்பதில்லை.

"முடிச்சிட்டுத்தான் போயிருக்கான்," என்றான் அண்ணன்.

ஒரு மரப்பெட்டியை இருக்கையாகக் கட்டிக்கொண்டு, வெறும் சேஸியைத் தெருவில் இறக்கினான். சரிவில் முன் அச்சு நழுவியது. எதிரே கருங்கல் சுவர்.

அண்ணன் இறந்து ஒரு வாரம் கழித்து வாகன ஆய்வாளர் வீட்டுக்கு வந்தார்.

"இடது பக்கம் ரெண்டு நட்டு கழண்டு விழுந்திருக்கு. மிச்ச ரெண்டும் கையாலயே சுத்துது. ஸ்பேனரே படலை. ஆனா மஞ்சப் புள்ளி மட்டும் வட்டமா, நறுவிசா இருக்கு. யார் வெச்சது?"

அம்மா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அண்ணி சுவரோடு சுவராக நின்றிருந்தாள்.

"நான்தான் சார்," என்றான் அவன். "போன் வந்த அவசரத்துல, இறுக்காமலே பெயிண்ட் வெச்சிட்டேன்."

ஆய்வாளர் எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார். அவர் கேட்டைத் தாண்டியதும் அம்மா வாயைத் திறந்தாள்.

"உனக்கு மெஷின் பெருசாப் போச்சு. உன்னை நம்பித்தானேடா அவன் ஏறினான்? எழுந்து போ. நான் செத்தாலும் இந்தப் படி மிதிக்காத."

அவன் எழுந்து செருப்பை மாட்டினான். வாசல் கேட்வரை அண்ணி பின்னாலேயே ஓடினாள்.

"தம்பி, ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"மெதுவா பேசுங்க அண்ணி." அவன் கேட்டின் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "நானும் அண்ணனும் புள்ளி வெக்கிறதில்ல. நட்டுலேர்ந்து போல்ட்டுவரைக்கும் கோடு இழுப்போம். நட்டு லேசா நகர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்குடுக்கும்."

அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாத்துலயும் மஞ்ச இருந்துச்சு. அந்த நாலுல மட்டும் இல்ல. நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். அவருக்கு இடுப்பு வலி, மறுபடியும் அடியில போக வேணாமேன்னு, அவர் அத்தைக்கு மருந்து விடுற நேரத்துல நானே..."

"நான் நாலு நட்டு பாக்கின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கணும். அது என் தப்பு. உங்களுக்கு இந்த வீட்டை விட்டா போக்கிடம் இல்ல. எனக்கு அச்சகத்துல படுக்க இடம் இருக்கு. உள்ள போங்க."

ஒன்பது வருடம் ஆகிறது. அம்மா இன்றும் அவனுக்குக் கதவு திறப்பதில்லை.

அண்ணியும்தான்.