பெட்டிச் சூடு

மூடியைத் தூக்கி, வாழை இலையை விலக்கி, முழங்கை வரை கையை உள்ளே விட்டாள் பெட்டிக்காரி.

சூடே இல்லை.

மறு கையையும் விட்டுத் துழாவிப் பார்த்தாள்.

கொக்கோ விதை புளிக்கும்போது பெட்டிக்குள் கை வைக்க முடியாது, அப்படிக் கொதிக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிளற வேண்டும். கிளறாமல் விட்டால் சூடு அடங்கிப் பூசணம் பிடிக்கும். அடிக்கடி கிளறினாலோ சூடு பறந்துபோய் விதை கெட்டுவிடும். அந்த நெளிவுசுளிவு தெரிந்தவள் என்றுதான் கூட்டுறவுச் சங்கம் அவளிடம் பெட்டியை ஒப்படைத்திருந்தது.

உள்ளே கிடப்பது எல்லார் வீட்டு விதையும். இது தேறினால்தான் கொக்கோ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கேட்ட எடை முழுசாகும். முழுசானால்தான் விலைக்கு மேல் அவர்கள் சங்கத்துக்குத் தரும் பொதுப்பணம் வரும். அதில் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வண்டி வாங்குவது என்று கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்தாயிற்று. அவள் கணவன் இரண்டு கையையும் தூக்கினான். தலைவர் ஒன்றைத்தான் எண்ணினார்.

அவனை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு அலைந்ததில் அவள் இந்தப் பக்கமே வரவில்லை. நேற்று அடக்கம் முடிந்தது.

இத்தனை குடும்பம் இருந்தும் ஒருத்தருக்காவது எட்டிப் பார்க்கத் தோன்றியதா என்று ஆத்திரம் பொங்கியது. பெட்டியைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று எல்லாரையும் மிரட்டி வைத்திருந்தது தான்தான் என்பது அவளுக்கு அப்போது நினைவில்லை.

சங்கத்துக் கணக்கர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“கவலப்படாதீங்கக்கா, நானே வந்து கிளறிட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

அப்படியானால் ஏன் ஆறிக் கிடக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

அவர் போனதும் லாரி டிரைவர் வந்தார். அவரும் அதையேதான் குசுகுசுத்தார். விதை காயவைக்கும் பெண் வந்து, காலையும் மாலையும் தவறாமல் கிளறியதாகச் சொன்னாள். தலைவர் வந்து, உள்ளங்கையில் கொப்புளத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

ஆளுக்கு ஒரு நேரம், ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமல், கிளறு கிளறு என்று கிளறித் தள்ளியிருக்கிறார்கள். அப்புறம் சூடு எங்கே நிற்கும்?

விதை போனது போனதுதான், இனி எத்தனை கிளறினாலும் தேறாது. இந்த வருஷம் வண்டி இல்லை. நாளைக்குச் சங்கத்தில் அவள்தான் அதைச் சொல்லியாக வேண்டும்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அடக்கத்தின்போது ஒரு சொட்டுக் கண்ணீர் வராமல் மரம் மாதிரி நின்றவள், இப்போது விக்கி விக்கி அழுதாள்.

யாரோ வரும் சத்தம் கேட்டது. பக்கத்துத் தோட்டக்காரர். அவருக்கும் அவள் கணவனுக்கும் ஏழாம் பொருத்தம். வேலித் தகராறில் பேச்சை நிறுத்தியவர், அடக்கத்துக்குக்கூட வரவில்லை.

அவர் தோளில் கிளறும் துடுப்பு இருந்தது. அவள் இருப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெட்டியின் மூடியை முழுதாக எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்தாள்.

“வாங்கண்ணே. அடி வரைக்கும் நல்லாக் கிளறி விடுங்க.”