ஹால் கேமரா

திரையில் ஓடிக்கொண்டிருந்தது அவன் வீட்டு ஹால்.

முதலில் சிரிப்புதான் வந்தது. சீனாவின் குவாங்சோ எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சியில், சுவர் உயரத்துக்கு, ஈரோட்டு நகைக்கடைக் காலண்டர்.

அந்தச் சிரிப்பு பாதியிலேயே செத்தது.

காலண்டருக்குக் கீழே கோகிலா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் மித்ரா, யூனிபார்மில். ஸ்கூல் வேன் வரும் நேரம். மகளின் தலையை அவள் இழுத்து வாரும் வேகத்திலேயே தெரிந்தது. நைட்டியில் இருந்தாள். காலை நேரத்தில் வீட்டுக்குள் யாரும் எப்படி இருப்பார்களோ, அப்படி.

திரைக்கு முன்னால் நல்ல கூட்டம்.

நேற்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஈரோட்டில் கேமரா கடை வைத்திருப்பவன். பேரம் பேசாமல் ஒரு குண்டூசி வாங்க மாட்டான். உங்கள் சரக்கின் லட்சணத்தைப் பாருங்கள், படம் எப்படிக் கலங்கலாக வருகிறது என்று இந்த ஸ்டால்காரர்களின் டேப்லட்டிலேயே தன் வீட்டுக் கேமராவைத் திறந்து காட்டினான். அங்கே நின்ற பெண் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டாள். சரிசெய்து வைக்கிறோம், நாளைக்கு வாருங்கள் என்றாள். ஜெயித்துவிட்ட மிதப்பில் இவன் டீ குடிக்கப் போய்விட்டான்.

லாகின் அப்படியே கிடந்தது.

சரிசெய்துவிட்டார்கள். மித்ராவின் ரிப்பனில் நூல் பிரிந்திருப்பதுகூடத் தெரிந்தது. இருப்பதிலேயே நல்ல படம் இதுதான் என்று பெரிய திரையில் போட்டுவிட்டார்கள். கெட்ட எண்ணமெல்லாம் ஒன்றும் இல்லை. அவனைக் கண்டதும் அந்தப் பெண் பெருமையாகத் திரையைக் காட்டினாள்.

போனில் ஆப்பைத் திறந்தான். பாஸ்வேர்டு தவறு என்றது.

மறுபடி போட்டான். தவறு.

புது சாஃப்ட்வேர் ஏற்றும்போது அதையும் மாற்றியிருக்கிறார்கள்.

ஜாய்ஸ்டிக் ஒரு தொப்பிக்காரன் கையில் இருந்தது. வருகிறவர்கள் யார் வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம். தொப்பிக்காரன் திருப்பினான். ஈரோட்டில் கேமரா திரும்பியது. வாசல் கதவு. தாழ்ப்பாள். பூஜை அலமாரி. வெள்ளி விளக்கை நிதானமாகப் பெரிதாக்கிப் பார்த்தான். அப்புறம் கோகிலாவின் கழுத்துக்கு வந்தான்.

அங்கேயே நின்றான்.

இவன் அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஆஃப் பண்ணும்மா" என்று கத்தினான், தமிழில். இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. அந்தப் பெண் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தாள்.

ஹாலில் கேமரா வேண்டாம் என்று கோகிலா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். வாசலோடு நிற்கட்டும், வீட்டுக்குள் எதற்கு என்றாள். ஊர் ஊராக அலைகிறவன் பிள்ளையைப் பார்க்க வேண்டாமா என்று அவள் வாயை அடைத்தான். என்னைத் தவிர ஒரு ஈ காக்கா பார்க்காது என்றான். அவள் அப்போதும் நம்பவில்லை. மித்ராவைக் கூப்பிட்டு, அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

அதற்கப்புறம்தான் ஆணி அடிக்க விட்டாள்.

திரையில் கோகிலா நிமிர்ந்தாள்.

கேமரா திரும்பும் சத்தம் கேட்டிருக்க வேண்டும். பின்னலைப் பாதியில் விட்டுவிட்டுக் கேமராவையே பார்த்தாள். கொடியில் கிடந்த துண்டை இழுத்து நைட்டியின் மேல் போட்டுக்கொண்டாள். சிலிண்டர்காரர் வந்து கூப்பிட்டால் போட்டுக்கொள்வாளே, அப்படி.

பிறகு போனை எடுத்தாள்.

இவன் கையில் போன் அதிர்ந்தது.

"ஏனுங்க, கேமரா தானா திரும்புதுங்க. பயமா இருக்குது. நீங்களா பாக்கறீங்க?"

ப்ளக்கைப் பிடுங்கு. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிடுங்கு என்றால் ஏன் என்பாள். ஏன் என்றால் இந்தக் கூட்டத்தைச் சொல்ல வேண்டும். சத்தியத்தைக் கேட்பாள்.

பெரிய திரையில் மித்ராவின் தலை தெரிந்தது, ஒரு பக்கம் பின்னி, ஒரு பக்கம் விரிந்தபடி.

"ஆமா. நான்தான்."

சொல்லிவிட்டுச் செய்தால் என்ன, உயிரே போய்விட்டது என்று திட்டினாள். திட்டும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. திரைக்கு முன்னால் நின்றவர்களில் யாரோ கூடவே சிரித்தார்கள். அப்பாதான் பார்க்கிறார் என்று மகளிடம் சொன்னாள். மித்ரா கேமராவுக்கு டாட்டா காட்டினாள்.

கூட்டம் திரும்ப டாட்டா காட்டியது.

நேரமாகிறது என்று போனை வைத்துவிட்டாள். இவன் உடனே திரும்பக் கூப்பிட்டான். மணி போய்க்கொண்டே இருந்தது. திரையில் போன் சோபாவில் கிடந்து மின்னியது. அவள் மறு பின்னலைப் பிடித்திருந்தாள், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்பதுபோல.

தொப்பிக்காரன் ஜாய்ஸ்டிக்கை யாருக்கும் கொடுக்கவில்லை.

கேமரா மறுபடி லேசாக அசைந்தது. கோகிலா நிமிர்ந்து பார்த்தாள். இந்தத் தடவை பயப்படவில்லை. போதும் போங்க என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பக்கத்தில் போட்டாள்.